ராத்திரி அடிக்கடி ஒண்ணுக்கு எழுந்திருக்கிறீர்களா? காரணம் கண்டுபிடித்துச் சரிசெய்ய ஒரு முழுமையான வழிகாட்டி

"வயசாச்சுல்ல, அப்படித்தான் இருக்கும்." ராத்திரி மூன்று நான்கு தடவை எழுந்து போகிறவருக்கு வீட்டில் கிடைக்கும் பதில் பெரும்பாலும் இதுதான். டாக்டரிடம் போனாலும் சுகர், பிரஷர், முட்டிவலி எல்லாம் சொல்லிவிட்டு இதைச் சொல்லாமலே வந்துவிடுகிறார்கள். ஒண்ணுக்குப் போவதையெல்லாம் எப்படிப் போய்ச் சொல்வது என்ற கூச்சம்.

வடசென்னையில் இந்தத் தொல்லை இன்னும் கொஞ்சம் கூடுதல். பழைய வண்ணாரப்பேட்டை, ராயபுரம், தண்டையார்பேட்டை பக்கம் ஒண்டுக்குடித்தன வீடுகளில் கழிப்பறை வெளியே இருக்கும். செங்குத்தான படியில் இறங்கி, ஈரம் காயாத முற்றத்தைத் தாண்டி, நாலு குடித்தனத்துக்கும் பொதுவான கதவைத் திறக்க வேண்டும். தூக்கம் போவதோடு, விழுந்து இடுப்பெலும்பு முறிகிற ஆபத்தும் இருக்கிறது. அதனால் இதைச் சின்ன விஷயமாக விடக் கூடாது.

வயசு ஒரு காரணம்தான், அதை மறுக்கவில்லை. ஆனால் ராத்திரி அடிக்கடி போவது தனி நோய் இல்லை. வேறு ஏதோ ஒன்றின் அடையாளம். அது சிறுநீர்ப்பையில் இருக்கலாம், சிறுநீரகத்தில் இருக்கலாம், காலில் தேங்கிய நீரில் இருக்கலாம், குறட்டையில்கூட இருக்கலாம். எங்கே என்று தெரியாமல் தண்ணீர் குடிப்பதை நிறுத்துவதும், பக்கத்து வீட்டுத் தாத்தா சாப்பிடும் புராஸ்டேட் (ஆண்களின் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் சுரப்பி) மாத்திரையை வாங்கிப் போடுவதும் பலன் தராது. முதல் வேலை அளந்து எழுதுவது. மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்.

முதலில்: எவ்வளவு போனால் தொந்தரவு?

பெரியவர்களின் சிறுநீர்ப்பை சாதாரணமாக 300 முதல் 500 மில்லி வரை தாங்கும். ராத்திரியில் மூளையிலிருந்து வாசோபிரசின் என்ற ஹார்மோன் கூடுதலாகச் சுரந்து, சிறுநீர் உற்பத்தியைக் குறைக்கச் சொல்லிச் சிறுநீரகத்துக்கு உத்தரவு போடும். அதனால்தான் ஏழெட்டு மணி நேரம் எழாமல் தூங்க முடிகிறது. வயது ஏற ஏற இந்த ஹார்மோனின் ராத்திரி உயர்வு மங்கிப்போகும். ஆகவே அறுபதைத் தாண்டியவர் ஒரு தடவை எழுந்து, போய்விட்டு வந்து உடனே தூங்கிவிட்டால் கவலைப்பட ஒன்றுமில்லை. இரண்டு தடவையும் அதற்கு மேலும் எழுந்து, மறுநாள் அசதியாக இருந்தால் கவனிக்க வேண்டும். முப்பது நாற்பது வயதுக்காரருக்கு இப்படி இருந்தால் கட்டாயம் பார்க்க வேண்டும்.

இங்கே ராத்திரி என்றால் இருட்டு நேரம் என்று பொருள் இல்லை, நீங்கள் தொடர்ந்து தூங்கும் நேரம். காசிமேட்டில் மீன் ஏலத்துக்காக விடியற்காலைக்கு முன்பே கிளம்புகிறவர், மணலி, எண்ணூர் பக்கம் நைட் ஷிப்ட் முடித்துப் பகலில் படுப்பவர் எல்லாம் தங்கள் தூக்க நேரத்தை வைத்தே கணக்குப் பார்க்க வேண்டும். நோன்பு மாதத்தில் நோன்பு திறந்ததிலிருந்து சஹர் (விடியலுக்கு முந்தைய சாப்பாடு) வரை கஞ்சியும் தண்ணீருமாக உள்ளே போகும். அந்த மாதத்தில் ராத்திரி கூடுதலாகப் போவது இயல்பு. நோன்பு முடிந்த பிறகும் தொடர்ந்தால் மட்டும் பாருங்கள்.

மூன்று நாள் நோட்டு

சிறுநீரியல் (யூராலஜி) டாக்டரிடம் போனால் அவரே முதலில் இதைத்தான் கேட்பார். ஒரு நாள் எழுதினால் போதாது, மூன்று நாள் வேண்டும். அதில் ஒன்று லீவு நாளாக இருந்தால் நல்லது.

அளப்பதற்குக் கடையில் விலைகொடுத்து எதுவும் வாங்க வேண்டாம். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலின் கழுத்துப் பகுதியை வெட்டிவிடுங்கள். வெட்டிய விளிம்பு கையைக் கிழிக்காதபடி டேப் ஒட்டுங்கள். வீட்டில் குழந்தையின் பால் பாட்டில் இருந்தால் அதில் மில்லி கோடு இருக்கும். அதில் 100 மில்லி தண்ணீர் பிடித்து வெட்டிய பாட்டிலில் ஊற்றி, தண்ணீர் நிற்கும் மட்டத்தில் மார்க்கரால் ஒரு கோடு. இன்னொரு 100, இன்னொரு கோடு. ஆறேழு கோடு போட்டால் அளவுக் குவளை தயார். நடுவில் 50-க்குச் சின்னக் கோடும் போட்டுக்கொள்ளலாம். பெண்களுக்கு வாய் அகலமான பழைய பிளாஸ்டிக் மக் சுலபம். அதையும் இதே மாதிரி கோடு போட்டுக்கொள்ளுங்கள். வேலைக்குப் போகிற இடத்தில் அளக்க முடியாவிட்டால் நேரத்தை மட்டுமாவது குறித்துக்கொள்ளுங்கள், ராத்திரி அளவை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

நோட்டில் எழுத வேண்டியவை: எத்தனை மணிக்குப் போனீர்கள், எத்தனை மில்லி, அடக்க முடியாத அவசரமா சாதாரணமா, எத்தனை மணிக்கு என்ன குடித்தீர்கள், எப்போது படுத்தீர்கள், எப்போது எழுந்தீர்கள், எந்த மாத்திரையை எத்தனை மணிக்குப் போட்டீர்கள். கூடவே இன்னொரு குறிப்பும் முக்கியம். ஒண்ணுக்கு முட்டியதால் விழிப்பு வந்ததா, இல்லை கொசுவாலோ புழுக்கத்தாலோ லாரி ஹாரனாலோ விழித்துவிட்டு, 'எழுந்ததுதான் எழுந்தோம், போய்விட்டு வரலாம்' என்று போனீர்களா? கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி பக்கம் கால்வாய் ஓரத்தில் குடியிருப்பவர்களுக்கும், கன்டெய்னர் லாரி போகும் சாலையை ஒட்டி இருப்பவர்களுக்கும் இது சாதாரணமாக நடப்பதுதான். அப்படியானால் சிறுநீர்ப்பையின் மேல் குற்றம் இல்லை. கொசுவலையும் ஃபேனும்தான் முதல் மருந்து.

கணக்குப் போடும்போது ஒரு விதி உண்டு. படுக்கும் முன் கடைசியாகப் போனது பகல் கணக்கு. காலையில் எழுந்ததும் முதலில் போவது ராத்திரிக் கணக்கு. ஏனென்றால் அந்த நீர் ராத்திரியில் சேர்ந்தது.

உதாரணத்துக்கு ஒருவரின் நோட்டு:

இரவு 10.00 – படுத்தார்
12.10 – 350 மில்லி
2.30 – 300 மில்லி
4.45 – 250 மில்லி
காலை 6.15 – 300 மில்லி, எழுந்துவிட்டார்
அதன்பின் படுக்கும் வரை பகல் முழுக்க – 800 மில்லி

ராத்திரி மொத்தம் 1,200. இருபத்துநாலு மணி நேரத்துக்கு 2,000. ஆக 60 சதவீதம் ராத்திரியிலேயே போயிருக்கிறது. அறுபத்தைந்து வயதைத் தாண்டியவருக்கு மூன்றில் ஒரு பங்கு, அதாவது 33 சதவீதம் வரை ராத்திரியில் போகலாம். இளவயதினருக்கு 20 சதவீதம்தான் அளவு. இவருடைய சிறுநீர்ப்பை ஒவ்வொரு தடவையும் 250, 350 என்று நன்றாகத்தான் பிடிக்கிறது. ராத்திரியில் நீர் அதிகமாக உற்பத்தியாவதுதான் இவருக்குச் சிக்கல். இவருக்குப் புராஸ்டேட் மாத்திரை கொடுத்தால் பெரிதாக மாற்றம் இருக்காது.

இன்னொருவர் நோட்டில் 80, 100, 70, 90 என்று இருக்கிறது, பகலிலும் இதே மாதிரி கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி போகிறார் என்று வையுங்கள். அவருக்கு நீர் அதிகமில்லை, பைதான் பிடிக்க மாட்டேன் என்கிறது. இருவரும் சொல்வது "ராத்திரி மூணு நாலு வாட்டி போறேன்" என்ற ஒரே வாக்கியம். வைத்தியம் முற்றிலும் வேறு.

நோட்டைப் படிப்பது: நான்கு வகை

*ராத்திரி மட்டும் அதிகம்.* மேலே சொன்ன முதல் ஆள் இந்த வகை. வயதானவர்களிடம் இதுதான் அதிகம் காணப்படுகிறது. சாயங்காலத்துக்கு மேல் குடித்தது ஒரு காரணமாக இருக்கலாம். அதைவிட அதிகம் பேர் கவனிக்காதது காலில் தேங்கும் நீர். நாள் முழுக்க நின்றபடியோ காலைத் தொங்கப்போட்டபடியோ இருந்தால் நீர் கணுக்காலில் இறங்கித் தங்கும். மளிகைக் கடை கல்லா, தையல் மெஷின், பஸ் கண்டக்டர் வேலை, மீன்கடை எல்லாமே அந்த மாதிரி வேலைகள்தான். ராத்திரி படுத்ததும் அந்த நீர் மீண்டும் ரத்தத்தில் ஏறி, சிறுநீரகம் வழியாக வெளியே வரும். சாயங்காலம் கணுக்காலுக்கு மேலே எலும்பின் மீது கட்டைவிரலால் சில நொடி அழுத்திப் பாருங்கள். விரலை எடுத்ததும் குழி அப்படியே நின்றால் நீர் தேங்கியிருக்கிறது என்று பொருள்.

கால் வீக்கத்துக்கு நிற்பது மட்டும் காரணம் என்று விட்டுவிட முடியாது. இதயம் பலவீனமானாலும், சிறுநீரகம் கெட்டாலும், கல்லீரல் பழுதானாலும் கால் வீங்கும். பிரஷருக்குக் கொடுக்கும் அம்லோடிபின் மாத்திரை பலருக்குக் கணுக்கால் வீக்கத்தைத் தரும், அது ராத்திரி எழுப்பவும் செய்யும். அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். பிரஷர் எகிறினால் பக்கவாதத்தில் கொண்டுபோய் விடும். "இந்த மாத்திரை ஆரம்பிச்சதுக்கு அப்புறம்தான் கால் வீங்குது டாக்டர்" என்று சொன்னால் வேறு மாத்திரை மாற்றித் தருவார்.

குறட்டையும் இந்த வகையில்தான் சேரும். தூக்கத்தில் தொண்டை அடைத்து மூச்சு சில நொடி நின்று நின்று வருவதை ஸ்லீப் ஆப்னியா என்பார்கள். மூச்சுக்காக நெஞ்சு இழுக்கும்போது இதயத்தின் மேலறைகள் விரிகின்றன. உடம்பில் நீர் கூடிவிட்டது என்று இதயம் தப்பாகப் புரிந்துகொண்டு, உப்பையும் நீரையும் வெளியேற்றச் சொல்லும் ஹார்மோனைச் சுரக்கிறது. அவர் எழுந்ததும் "ஒண்ணுக்கு வந்துச்சு, எழுந்தேன்" என்பார். உண்மையில் மூச்சு நின்றதால்தான் விழிப்பு வந்திருக்கும். பருமனான உடம்பு, பெரிய குறட்டை, நடுவில் மூச்சு நின்று திடீரென்று திணறி வருவது, பகலில் உட்கார்ந்த இடத்தில் கண் சொக்குவது இவையெல்லாம் சேர்ந்திருந்தால் தூக்கப் பரிசோதனை கேளுங்கள். பக்கத்தில் படுப்பவர்தான் இதற்குச் சரியான சாட்சி. மூச்சு மெஷின் வைத்தவர்களுக்கு ராத்திரி எழுவது கணிசமாகக் குறைகிறது.

*நாள் முழுக்கவே அதிகம்.* இருபத்துநாலு மணி நேர மொத்தம் கிலோவுக்கு 40 மில்லியைத் தாண்டினால் இந்த வகை. 60 கிலோ எடை உள்ளவருக்கு 2,400 மில்லி. முதலில் சந்தேகப்பட வேண்டியது சுகர். ரத்தத்தில் சர்க்கரை சுமார் 180-ஐத் தாண்டும்போது சிறுநீரகம் அதைச் சிறுநீரில் விட ஆரம்பிக்கும், கூடவே தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகும். தாகம் அடங்காது, உடம்பு இளைக்கும். ஒண்ணுக்குப் போன இடத்தில் எறும்பு மொய்க்கிறதா என்று பார்க்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. எறும்பு வந்தால் உடனே சுகர் பாருங்கள். எறும்பு வரவில்லை என்பதால் சுகர் இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். வெறும் வயிற்றில் 126 அல்லது மேல், மூன்று மாத சராசரியான எச்பிஏ1சி 6.5 அல்லது மேல் என்றால் சர்க்கரை நோய் என்று அர்த்தம். ஏற்கெனவே சுகருக்கு டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு அந்த மாத்திரையே சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றித்தான் வேலை செய்கிறது. அதனால் கொஞ்சம் கூடுதலாகப் போகும்.

*பை பிடிக்கவில்லை.* ஒவ்வொரு தடவையும் அளவு குறைவு. ஆண்களுக்கு ஐம்பதுக்கு மேல் புராஸ்டேட் வீக்கம் பெரிய காரணம். வேகம் குறையும், ஆரம்பிக்க நேரமாகும், நின்று நின்று வரும், முடிந்த பிறகும் சொட்டும், முழுசாகப் போகாத மாதிரியே இருக்கும். பெண்களுக்கு மாதவிடாய் நின்ற பிறகு ஈஸ்ட்ரோஜன் குறைவதால் அந்தப் பகுதி வறண்டு மெலிந்து போகும். கர்ப்பப்பை இறக்கமும் இதைச் செய்யும். 'அடி இறங்குது' என்று அம்மாக்கள் மருமகளிடம் மட்டும் மெதுவாகச் சொல்லுவார்கள், டாக்டரிடம் சொல்ல மாட்டார்கள். சொல்ல வேண்டியது டாக்டரிடம்தான். பெண் டாக்டர் வேண்டும் என்று கேட்பதில் தவறே இல்லை. சிறுநீர்ப் பாதைத் தொற்று, கல், அதிவேகமாகச் சுருங்கும் சிறுநீர்ப்பை, நாள்பட்ட மலச்சிக்கல் இவையும் இந்தக் கணக்கில் வரும்.

*தூக்கம் கெட்டதால் போவது.* நோட்டில் கொசு, புழுக்கம், வலி, கவலை என்று எழுதியிருந்தால் அதுதான். மூட்டுவலியில் புரண்டு படுத்து விழிப்பவர்களுக்கு வலிக்கு வழி செய்தாலே பாதி சரியாகும்.

ஒருவருக்கே இரண்டு மூன்று வகை கலந்தும் இருக்கலாம். எழுபது வயதில் புராஸ்டேட், சுகர், கால் வீக்கம் மூன்றும் சேர்ந்து இருப்பது அபூர்வம் இல்லை.

உடனே போக வேண்டிய நேரங்கள்

நோட்டெல்லாம் பிறகு. இவற்றில் ஒன்று இருந்தாலும் காத்திருக்காதீர்கள்: முட்டுகிறது ஆனால் சொட்டுகூட வரவில்லை, அடிவயிறு உப்பி வலிக்கிறது, சிறுநீரில் ரத்தம் (வலி இல்லாவிட்டாலும் சரி), குளிர்நடுக்கத்தோடு காய்ச்சல், முதுகுப்பக்கம் வலி, படுத்தால் மூச்சு முட்டுகிறது, முதுகுவலியோடு கால் பலவீனம், தொடை இடுக்கில் மரத்துப்போவது. நீர் அடைத்தாலோ மூச்சு முட்டினாலோ ராத்திரி என்று பார்க்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். ராயபுரம் ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் அவசர சிகிச்சை எந்த நேரமும் உண்டு.

புராஸ்டேட் உள்ளவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. மெடிக்கலில் கேட்டு வாங்கும் சில சளி மாத்திரைகள் திடீரென்று நீரை அடைத்துவிடும். வாங்கும்போதே புராஸ்டேட் இருப்பதைச் சொல்லுங்கள்.

தண்ணீரைக் குறைக்காதீர்கள், நேரத்தை மாற்றுங்கள்

நம் பகுதியில் நடக்கும் பெரிய தவறு இதில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். வேலைக்குப் போகிற பெண்கள் பகலில் தண்ணீரே குடிப்பதில்லை. நடைபாதையில் கடை போடுபவர், கூடையில் மீன் விற்பவர், வீட்டு வேலைக்குப் போகிறவர் யாருக்கும் போய்வர நல்ல கழிப்பறை கிடையாது. காலை எட்டு மணிக்குக் கிளம்பினால் சாயங்காலம் வரை அடக்கிக்கொண்டு, வீட்டுக்கு வந்ததும் சொம்பு சொம்பாகக் குடிக்கிறார்கள். சென்னை வெயிலில் உடம்பு காய்ந்து கிடக்குமே, குடிக்காமல் எப்படி இருப்பார்கள்? அந்தத் தண்ணீர் முழுவதும் ராத்திரி வெளியே வருகிறது. பகலில் அடக்குவதால் தொற்றும் கல்லும் தனியாக வரும். இது அவர்கள் மேல் தவறு இல்லை. சுத்தமான பொதுக் கழிப்பறை இல்லாத ஊர் செய்யும் தவறு.

முடிந்தவரை கணக்கைத் திருப்பிப்போடுங்கள். காலையில் எழுந்ததிலிருந்து மதியம் சாப்பாடு வரைக்குமே பாதிக்கு மேல் குடித்துவிடுங்கள். நாலு மணி வரை தாராளம். அதற்கு மேல் கொஞ்சம் கொஞ்சமாக. படுப்பதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பிலிருந்து மாத்திரை போட ஒரு வாய், தொண்டை நனைக்க ஒரு வாய். இதயமோ சிறுநீரகமோ பழுதாகி, டாக்டர் தண்ணீருக்கு அளவு சொல்லியிருந்தால் அந்த அளவுதான் முக்கியம்.

தண்ணீரை மட்டும் எண்ணாதீர்கள். ராத்திரி ரசம், மோர், கஞ்சி, தர்பூசணி, படுக்கும்முன் ஒரு டம்ளர் பால் எல்லாமே நீர்தான். ஏழு மணி டீயில் இருக்கும் காஃபின் சிறுநீரைத் தூண்டும், பையையும் உசுப்பும். கடைசி டீயை நாலு மணியோடு முடித்துப் பாருங்கள். சாராயம் வாசோபிரசினை அடக்கும், குறட்டையைக் கூட்டும், தள்ளாட வைக்கும். ராத்திரி எழுந்து படியிறங்குபவருக்கு மூன்றுமே ஆபத்து.

அப்புறம் உப்பு. இதை டாக்டர்கள்கூட அதிகம் சொல்வதில்லை. உப்பு அதிகம் சாப்பிட்டால் உடம்பு நீரைப் பிடித்துவைத்து, ராத்திரி அந்த உப்பை வெளியேற்றும்போது நீரும் சேர்ந்து போகும். ஜப்பானில் நாகசாகி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017-ல் வெளியிட்ட ஆய்வில், ஒரு நாளைக்குச் சராசரி 10.7 கிராம் உப்பிலிருந்து 8 கிராமாகக் குறைத்தவர்கள் ராத்திரி எழுவது சராசரியாக 2.3 தடவையிலிருந்து 1.4 ஆகக் குறைந்தது. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு 5 கிராமுக்கும் கீழே, ஒரு டீஸ்பூன் அளவு. கருவாட்டுக் குழம்பு, ஊறுகாய், அப்பளம், கடைச் சிப்ஸ், ஃபாஸ்ட்ஃபுட் நூடுல்ஸ் எல்லாவற்றிலும் எவ்வளவு உப்பு என்று உங்களுக்கே தெரியும். கருவாடே வேண்டாம் என்று இந்த ஊரில் யாரிடமும் சொல்ல முடியாது, சொல்லவும் மாட்டேன். மதியத்துக்கு வையுங்கள், நன்றாக ஊறவைத்து அலசுங்கள், குழம்பில் தனி உப்பைக் குறையுங்கள். ராத்திரி உணவில் மட்டுமாவது அப்பளம், ஊறுகாய் இல்லாமல் இரண்டு வாரம் இருந்து பாருங்கள்.

கால் நீரை படுக்கும் முன்பே வெளியேற்றுங்கள்

காலில் குழி விழுகிறவர்களுக்கு இது நல்ல பலன் தரும். மதியம் மூன்று நான்கு மணிக்கு ஒரு மணி நேரம் படுத்து, இரண்டு தலையணை மேல் காலை நெஞ்சு மட்டத்துக்கு உயர்த்துங்கள். நீர் அப்போதே ரத்தத்துக்குத் திரும்பி, சாயங்காலமே வெளியேறிவிடும். கடையில் உட்கார்ந்திருப்பவர் எதிரில் ஒரு ஸ்டூல் போட்டுக் காலை நீட்டலாம், கணுக்காலை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே இருக்கலாம். சாயங்காலம் அரை மணி நேர நடையும் உதவும். பகலில் இறுக்கமான ஸ்டாக்கிங்ஸ் போடுவது இன்னொரு வழி. ஆனால் காலில் ரத்த ஓட்டம் குறைந்தவர்களும், சுகரால் கால் மரத்தவர்களும் டாக்டரைக் கேட்காமல் போடக் கூடாது.

ஃப்ரூசமைடு மாதிரி நீர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதை எத்தனை மணிக்குப் போடுகிறார்கள் என்று பாருங்கள். ராத்திரி சாப்பாட்டோடு போட்டால் தூங்கவே முடியாது. படுக்க ஆறு மணி நேரத்துக்கு முன், அதாவது மதியத்துக்கு மேல் போட்டால் வேலை படுக்கும் முன்பே முடிந்துவிடும். இந்த மாற்றத்தை டாக்டரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

பையைப் பழக்குவது

அளவு குறைவாகப் போகிறவர்களுக்கான படி இது. சிறுநீரை அடக்கும் தசையை மேலே இழுத்துச் சுருக்கி, ஐந்து எண்ணும் வரை பிடித்து, ஐந்து எண்ணும் வரை விடுங்கள். காற்று பிரியாமல் அடக்கும்போது இறுகுவதும் அதே தசைதான். பத்துத் தடவை, ஒரு நாளைக்கு மூன்று வேளை. வயிறும் தொடையும் இறுகக் கூடாது, மூச்சை அடக்கக் கூடாது. பலன் தெரிய ஆறு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும்.

திடீரென்று அவசரம் வந்தால் ஓடாதீர்கள். நின்ற இடத்தில் நின்று, அந்தத் தசையை ஐந்தாறு தடவை சட்டுச் சட்டென்று சுருக்குங்கள். அவசரம் தணியும், அப்புறம் நடந்து போங்கள். பகலில் 'எதற்கும் போய்விட்டு வந்துவிடலாம்' என்று மணிக்கொரு தரம் போகும் பழக்கம் பையைச் சின்னதிலேயே திருப்தியாகப் பழக்கிவிடும். இடைவெளியைப் பதினைந்து பதினைந்து நிமிடமாகக் கூட்டிக்கொண்டு போங்கள். புராஸ்டேட் உள்ளவர்கள் மட்டும் அடக்கிப் பழக வேண்டாம். படுக்கும் முன் ஒருமுறை போய், இரண்டு நிமிடம் கழித்து மீண்டும் முயன்றால் மிச்சமும் போகும்.

விழாமல் போய்வர

விழிப்பு வந்ததும் சட்டென்று எழாதீர்கள். உட்கார்ந்து காலைத் தொங்கப்போட்டு ஒரு நிமிடம் இருந்துவிட்டு எழுங்கள். பிரஷர் மாத்திரையும், டாம்சுலோசின் மாதிரி புராஸ்டேட் மாத்திரையும் எழும்போது ரத்த அழுத்தத்தைச் சட்டென்று இறக்கித் தலைசுற்ற வைக்கும். பாயில் படுப்பவருக்கு முட்டி ஒத்துழைக்காவிட்டால் கட்டிலுக்கு மாற்றுங்கள். போகும் வழியில் ஜீரோ வாட் பல்பு, தலைமாட்டில் டார்ச், பிடித்துக்கொள்ளச் சுவரில் கம்பி. முற்றத்தில் நிற்கும் தண்ணீர்க் குடங்களை ராத்திரியில் ஓரமாக வையுங்கள். கழிப்பறைக்கு உள்ளே தாழ்ப்பாள் போட வேண்டாம், விழுந்தால் கதவை உடைக்க வேண்டியிருக்கும். ஆண்களும் ராத்திரியில் உட்கார்ந்தே போவது நல்லது, நின்றபடி போகும்போது மயங்கி விழுந்தவர்கள் உண்டு.

மாடிப்படி இறங்க வேண்டிய வீடாக இருந்தால் யூரின் பாட்டிலோ, கமோடு நாற்காலியோ வாங்கி அறையிலேயே வையுங்கள். சர்ஜிகல் கடைகளில் கிடைக்கும். "நான் என்ன படுத்த படுக்கையா?" என்று பெரியவர்கள் கோபிப்பார்கள். "ராத்திரிக்கு மட்டும்ப்பா, படி வழுக்குது, எங்களுக்குத்தான் பயமா இருக்கு" என்று சொல்லிப் பாருங்கள். பொறுமையாகச் சொன்னால் கேட்பார்கள்.

டாக்டரிடம்

முதலில் பக்கத்தில் உள்ள மாநகராட்சி ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகலாம். பிரஷர், சுகர், சிறுநீர்ப் பரிசோதனை அங்கேயே முடியும். 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே சுகர், பிரஷர் மாத்திரை கொண்டுவரும் ஊழியரிடமும் இதைச் சொல்லலாம். தேவைப்பட்டால் ஸ்டான்லியில் சிறுநீரியல் (யூராலஜி) பிரிவுக்கு எழுதித் தருவார்கள். ஓ.பி. காலையில்தான், சீக்கிரமே போய்விடுங்கள். மூன்று நாள் நோட்டும், சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளும் கையில் இருக்கட்டும். ஆயுர்வேதம், சித்த மருந்து இருந்தாலும் மறைக்காதீர்கள்.

கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை), சோடியம், வயிற்று ஸ்கேன், ஒண்ணுக்குப் போன பிறகு பையில் எவ்வளவு மிச்சம் என்ற அளவு ஆகியவற்றைப் பார்ப்பார்கள். ஆண்களுக்குப் புராஸ்டேட்டுக்கான பிஎஸ்ஏ ரத்தப் பரிசோதனையும் தேவைப்படலாம். பிஎஸ்ஏ கூடியிருந்தால் உடனே புற்றுநோய் என்று பயப்பட வேண்டாம், சாதாரண வீக்கத்திலும் தொற்றிலும்கூடக் கூடும்.

மருந்துகளில் டாம்சுலோசின் சில நாளிலிருந்து சில வாரத்துக்குள் சிறுநீர் வரும் வேகத்தைக் கூட்டும். புராஸ்டேட்டைச் சுருக்கும் ஃபினாஸ்டிரைடு வேலை காட்ட ஆறு மாதம் வரை ஆகலாம், ஒரு மாதத்தில் நிறுத்திவிட்டு 'கேட்கவில்லை' என்று சொல்லக் கூடாது. பையின் அவசரத்தை அடக்கும் சில மாத்திரைகள் வயதானவர்களுக்கு வாய் வறட்சி, மலச்சிக்கல், குழப்பம் தரும். அப்பா திடீரென்று தடுமாறிப் பேசினால் புதிதாக ஆரம்பித்த மாத்திரையைச் சந்தேகப்படுங்கள். ராத்திரி நீர் உற்பத்தியைக் குறைக்கும் டெஸ்மோபிரசின், உடம்பில் சோடியத்தைக் கீழே இறக்கிவிடும், அதிலும் அறுபத்தைந்துக்கு மேல். தலைவலி, வாந்தி, குழப்பம், வலிப்பு வரை போகலாம். ஆரம்பித்த முதல் வாரத்திலேயே சோடியம் பார்க்க வேண்டும். அக்கம்பக்கத்தில் யாராவது 'நல்லா கேட்குது' என்று சொன்னார்கள் என்பதற்காக இதை ஒருநாளும் வாங்காதீர்கள்.

தண்ணீர் நேரம், உப்பு, கால், மாத்திரை நேரம் எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது. ஒவ்வொன்றையும் இரண்டு வாரம் வைத்துப் பாருங்கள், மாற்றிய தேதியை நோட்டில் எழுதுங்கள். எல்லா மாற்றத்தையும் செய்து முடித்ததும் மறுபடி மூன்று நாள் அளந்து, பழைய பக்கத்தையும் புதிய பக்கத்தையும் சேர்த்து டாக்டரிடம் காட்டுங்கள். நாலு தடவை இரண்டாகக் குறைந்திருந்தாலே நல்ல மாற்றம். படுத்ததிலிருந்து முதல் தடவை எழும்வரை மூன்று நான்கு மணி நேரம் தொடர்ந்து தூங்கினீர்களா என்பதையும் பாருங்கள், ஆழ்ந்த தூக்கம் பெரும்பாலும் அந்த நேரத்தில்தான் கிடைக்கிறது.